விடை சொன்னால் காசு வேண்டாம்

மியகாவ் சந்தையிலிருந்து படகுத்துறைக்கு
பதினைந்து பெசோ.
என் வண்டியின் பக்கப் பெட்டிக்குள்,
உட்கார்பவர் முட்டிக்கு நேரே,
கறுப்படித்த ஒட்டுப்பலகை ஒன்று.
அதில் தினம் ஒரு விடுகதை, சாக்குக்கட்டியில்.
இறங்குவதற்குள் விடை சொன்னால்
காசு வேண்டாம்.

முதல் வாரம் நட்டம்.
குடை, சாவி, சோப்பு என்று
ஊருக்கே தெரிந்ததைத்தான் சுற்றிச் சுற்றி எழுதினேன்.
ஏழாம் வகுப்பு ஜுன்ரே
ஏறும்போதே விடையைச் சொல்லிவிட்டுத்
தம்பிகள் மூவரையும் ஏற்றிக்கொண்டான்.
"டாங்கியில் விடுகதையா ஊற்றுவாய்?"
என்றாள் அம்பரோ,
சோற்றைத் தட்டில் போடாமல்
கரண்டியிலேயே வைத்துக்கொண்டு.

பிறகுதான் பொருள்களை உற்றுப் பார்த்தேன்.
வரிசையில் பதினோராவது வண்டியாய் நிற்கும்போது
வேறென்ன வேலை?
முதலில் அதன் பெயரை மறக்க வேண்டும்.
அது கஷ்டம்.
அப்புறம் ஒரு பொய்கூடச் சொல்லாமல்
ஏமாற்ற வேண்டும்.
அது அதைவிடக் கஷ்டம்.

நகராட்சியில் உரிமம் புதுப்பித்த அன்று:
கடித்த இடத்திலேயே பல்லை விட்டுவிட்டு வருவான்,
அடுத்த கடிக்குப் புதுப்பல் தயார்.
ஸ்டேப்ளர் என்று சொன்னது
ஒரே ஒரு குமாஸ்தா.

கூட்டாளி எர்மேவுக்கு நடுச்சந்தையில்
அசம்பாவிதம் நடந்த அன்று:
இரண்டு வரிசைப் பல்,
ஒன்றையொன்று கடித்திருக்கும்வரைதான் மானம்.
லுர்தெஸ் டீச்சருக்கு விடை தெரியும்.
காது சிவந்தது, பார்த்தேன்.
சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு
வேகமாக நடந்தார்.

சுவரிடம் குடித்துப் பிள்ளைக்கு ஊட்டுவாள்,
பிள்ளை நிறைந்ததும் பிடுங்கி எறிவார்கள்.
சார்ஜர்.
இதற்கு மட்டும் தாய்மார்கள்
உடனே சொன்னார்கள்,
சிரிக்காமல்.

ஜூலையில், மழைவிட்ட ஒரு காலை,
நனைந்த ரெக்சினைத் துடைக்கையில் கிடைத்தது:
நாளெல்லாம் ஆளைச் சுமக்கிறேன்,
ஒருவர் முகமும் பார்த்ததில்லை.
இருக்கை.
இதைவிட நேர்மையாக நான் எதையும்
எழுதியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐஸ் ஆலையில் இரவுவேலை முடித்த செவரீனா
விறைத்த விரல்களைக் கக்கத்தில் செருகியபடி ஏறினாள்.
தேவாலயம் தாண்டியது, பாலம் தாண்டியது,
பேச்சே இல்லை.
துறையில் இறங்கினாள்.
பையைத் திறக்கவில்லை.
"நீங்கதானே?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான்
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன்.
இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு.
முன்பல் ஒன்று லேசாக ஏறியிருந்தது.
மூன்று வருடமாக
இதே வண்டியில்தான் வருகிறாள்.

பலகையை இன்னும் அழிக்கவில்லை.
இதுவரை எட்டுப் பேர் "இருக்கை" என்றார்கள்,
ஜுன்ரே உட்பட.
எட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்தேன்.
எட்டுப் பேரிடமும்
முழுக் கட்டணம் வாங்கினேன்.