ஏழாவது நகர்வு வரை

டெக் வை. நூற்று நாற்பதாம் புளோக்கின் கீழ்த்தளம்.
தபால் பெட்டிகளை நிரப்பி முடித்துப்
பூட்டைத் திருகும்போதே ருஸ்லான் காய்களை அடுக்கிவிடுவார்.
கறுப்பில் ஒரு சிப்பாய் இல்லை.
அந்த இடத்தில் பத்துக் காசு நிற்கும்,
ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத கட்டத்தில்.

முதல் நான்கு வாரம் தப்பாக ஆடியிருக்கிறோம்.
பள்ளிச் சீருடையில் போன ஒரு பெண்
நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"வலது மூலையில வெள்ளைக் கட்டம் வரணும், ஆன்ட்டி."
கல் இருக்கைகள் சிமெண்டில் ஊன்றியவை.
நாங்கள்தான் எழுந்து மாறி உட்கார்ந்தோம்.

ராஜாவின் சிப்பாய், இரண்டு கட்டம்.
அவரும் அப்படியே.
என் குதிரை வெளியே வந்து முறைக்கிறது,
அவர் குதிரை வந்து காவல் நிற்கிறது.
என் மந்திரி நான்காம் வரிசையில் அமர்ந்து
சாய்வாகப் பத்துக் காசைப் பார்க்கிறது.
அவர் ஓரத்துச் சிப்பாயை
ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறார்.

"எதுக்கு அது?"
"சும்மா."

அவர் மொழியிலும் அந்தச் சொல் இருக்கிறது.
பொருள் மட்டும் ஒரு கட்டம் தள்ளி.

கோட்டை கட்டினேன்.
ஐந்தும் ஆறும் கடகடவென்று போயின.
ஏழாவதாக என் இன்னொரு குதிரை.
அவர் விரல் மந்திரியின் தலைமேல் இருக்கும்போது
தொலைபேசி கூவியது:
நான்கு பபிள் டீ, நூற்று ஐம்பத்து மூன்று,
ஒன்பதாம் மாடி.

எப்போதும் இங்கேதான் முடியும்.
நடு ஆட்டம் எப்படி இருக்கும் என்று
எங்கள் இருவருக்குமே தெரியாது.
இந்த வட்டாரத்தின் பெயர்கள் எனக்குத் தெரியும்,
கதவிடுக்கில் நீளும் கைகள் அவருக்குத் தெரியும்.
அவ்வளவுதான் எங்கள் ஞானம்.

மழை பிடித்துக்கொண்டது.
காய்களை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி
வண்டிச் சாவியைத் தேடுகையில் செய்தி வந்தது,
மின்தூக்கிக்குள் இருந்து அனுப்பியிருக்க வேண்டும்,
துண்டு துண்டாக:
மந்திரி. ராஜாவுக்கு முன்னால். வை.

டப்பாவைத் திறந்தேன்.

ராஜாவின் சிப்பாய், இரண்டு கட்டம்.
எழுந்து போய் அவர் இருக்கையில் உட்கார்ந்து
அவர் சிப்பாய்.
திரும்பி வந்து என் குதிரை.
அங்கே போய் அவர் குதிரை.
மைனா ஒன்று என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும்.
என் மந்திரியை வைத்துவிட்டு
அவர் பக்கம் போய் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்:
இங்கிருந்து அது எவ்வளவு அருகில் இருக்கிறது.
என் குதிரையும் பாய்ந்து வந்து சேர்ந்தால்
பத்துக் காசு என்னாகும்?
ஓரத்துச் சிப்பாயை நானே தள்ளினேன்.
சும்மா இல்லை.

ஆறில் ஒரு சந்தேகம்.
அவர் தள்ளியது இந்தச் சிப்பாயா, பக்கத்ததா?
வீட்டு எண்களை மறக்காதவள்
இதில் தடுமாறினேன்.
ஓடு பெயர்ந்த கட்டத்துக்குப் பக்கத்தில்
அவர் நகம் தட்டியது நினைவுக்கு வந்தது.

ஏழு. என் குதிரை.
ஏழு. அவர் மந்திரி, அவர் சொன்ன இடத்தில்.

இனி என் முறை.
நூற்று நாற்பத்திரண்டாம் புளோக்கின் கடிதங்கள்
வண்டியில் உறை போட்டபடி காத்திருக்கின்றன.
மழை நிற்கட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு
இதுவரை வந்திராத ஓர் இடத்தில்
உட்கார்ந்திருக்கிறேன்.