எழுபத்தொன்றாம் பக்கம்

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு
மனாமா மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள கஃபேட்டேரியாவில்
ஏசிக்கு நேர் கீழே உள்ள மேசை எங்களுடையது.
ஐந்து கரக் டீ. ஒன்றில் சர்க்கரை கிடையாது.
உட்கார்ந்ததும் யாராவது கேட்டுவிடுவார்கள்:
"இப்ப என்ன ஓடுது?"
நாங்கள் சினிமா வியாபாரிகள் என்றுதான்
கடைக்காரர் இன்னும் நம்புகிறார்.

பெனடிக்டாவிடம் ஒரு செப்பேடு ஓடுகிறது.
தானம் தந்த நிலத்துக்கு எல்லை காட்ட
பெண் யானையை நடக்கவிட்டார்களாம்.
அது சுற்றிவந்த தடம்தான் வரப்பு.
"நைட் டியூட்டியில நானும் அதும் சேர்ந்துதான்
வார்டைச் சுத்துறோம்" என்கிறாள்.
"எட்டாம் நம்பர் படுக்கைகிட்ட மட்டும்
அது நின்னுடுது."

நூருல் அமீன் லீவு முடிந்து வந்திருக்கிறார்.
முப்பது கிலோதான் பெட்டி.
கருவாட்டைக் குறைத்துக் கல்வெட்டைக் கூட்டியதில்
அறைத்தோழர்கள் இன்னும் பேசவில்லையாம்.

கோமதிநாயகத்துக்கு இரவல் கொடுத்தால்
புத்தகம் திரும்பி வரும், பென்சிலோடு.
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
எந்த வாக்கியம் ஆடினாலும்
ஓரத்தில் ஒற்றைச் சொல்: "ஆதாரம்?"
என் அலமாரி முழுக்க அவர் கேள்விகள்.
ஒன்றுக்கும் நான் பதில் எழுதியதில்லை.
கோல்ட் ஸ்டோர் கல்லாவில் உட்கார்ந்து
பால் பாக்கெட்டுக்கும் ரொட்டிக்கும் நடுவே
நாலு நாலு வரியாகப் படிக்கிறவன் நான்.

முத்திருளாண்டி புதிது.
சாரம் கட்டும் வேலை, மாதம் ஒரு புத்தகம்,
உதடு அசையாமல் படிக்க வராது.
"கடல் பத்தி ஏதாச்சும் இருக்காண்ணே?"
என்னிடம் இருந்தது ஒன்று,
இதே கடலின் முத்துக்குளிப்பு வரலாறு.
யாரோ அறை காலி செய்தபோது விட்டுப்போனது,
அட்டை இல்லை, அதனால் பெயரும் இல்லை.

மறுவாரமே கொண்டுவந்து மேசையில் வைத்தான்.
"எழுபத்தொண்ணாம் பக்கம் வரைக்கும்
நல்லாத்தான் இருந்துச்சு."
பிறகு டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"சீசனுக்கு முன்னாடி முன்பணம் வாங்குறான்.
நகுதா நோட்டுல எழுதிக்கிறான்.
இவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது.
மூக்குல கிளிப்பை மாட்டி இறங்குறான், ஏறுறான், இறங்குறான்.
ஒருநாள் ஏறலை.
நோட்டு மகன்கிட்ட வருது."
ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.
"வேற குடுங்க.
ராசா, சண்டை, அந்த மாதிரி."
பெனடிக்டா தன் யானையை
பாதி நடையிலேயே அவனிடம் தள்ளினாள்.
கோமதிநாயகம் சர்க்கரையில்லாத டீயை
வெகுநேரம் கலக்கினார்.

இரவு கடையடைத்தபின் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன்.
கடன் வாரிசுக்குப் போகும் என்ற வரிக்கருகே
பழைய பென்சில்: "ஆதாரம்?"
அதற்குக் கீழே நீலப் பேனா,
ஒன்றாம் வகுப்புக் கையெழுத்து:
அப்பா வாங்குனது 1,60,000
நான் கட்டுனது 72,000
வட்டி
வட்டிக்கு எதிரே
எழுதி அடித்து எழுதி அடித்து
தாள் கிழிந்திருந்தது.

மூன்று வெள்ளி அவன் வரவில்லை, ஓவர்டைம்.
நான்காவது வெள்ளி
தலைக்கவசத் தழும்பு நெற்றியில் காயாமல் வந்து நின்றான்.
"யானை நல்லா நடந்துச்சுக்கா" என்று பெனடிக்டாவிடம் கொடுத்துவிட்டு
என் பக்கம் திரும்பி,
"அந்த நோட்டை எல்லாம்
கடைசியில யாராச்சும் கிழிச்சாங்களாண்ணே?"

முழுசாகப் படித்திருந்தேன்.
என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.
முடிவைச் சொல்லக்கூடாது என்பது
இந்த மேசையின் ஒரே சட்டம்;
அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.
"அதுக்கு இன்னும் நூத்திப்பத்து பக்கம் இருக்குப்பா."

அட்டை இல்லாததை வாங்கி
விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
ஒருமுறை தூக்கிப் பார்த்தான்.
பிறகு கோமதிநாயகத்தின் சட்டைப்பையைக் காட்டி,
"அந்தப் பென்சிலையும் குடுங்க" என்றான்.