திரும்பும் வழி

வேகமாய்ப் போனால் ஒரு பிரச்சினையும் இல்லை.
மரைன் டிரைவில் அறுபதில் ஒற்றை விரல் போதும்.
நிறுத்த இடம் கிடைக்கும் நேரத்தில்தான்
ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

தொண்ணூற்றோராம் ஆண்டுச் சிவப்பு, இரண்டே சீற்,
எஞ்சின் முதுகுக்குப் பின்னால்.
பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியர்
கடலைப் பார்த்த கராஜில்
ஆறு வருடம் தறப்பாள் போட்டு வைத்திருந்தார்.
வாங்கிய மாதம் எதுவும் தெரியவில்லை.
பிறகு ஒவ்வொரு காலையும்
புதுக்கடை நீதிமன்ற வளவுக்குள்
கறுப்புக் கோட்டுகள் பார்த்து நிற்க
இரண்டு கையாலும் தொங்கி
மூன்று தடவை முன்னும் பின்னும்.
"மிஸ், தள்ளவா?" என்பார் வாசல் பொலிஸ்காரர்.

என் வேலை சிங்களத்தைத் தமிழாக்குவது,
தமிழைச் சிங்களமாக்குவது.
சாட்சி சொன்னதைச் சொல்வேன்.
உண்மையா என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை.
இதில் கேள்வியும் நானே கேட்கவேண்டி வந்தது.

முதலில் டயர். முன் சில்லு இரண்டிலும்
காற்று இருபத்தெட்டு.
ஒயில், கோட்டுக்கு மேலேதான்,
பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம்.
மாற்றினேன். அதே கல்.
தெமட்டகொடையில் ஒருவர் பொனட்டைத் திறந்து
பெல்ட்டைத் தேடினார்.
முன்னால் எஞ்சினே இல்லை,
பம்பைச் சுற்றுவது கரண்ட் என்றேன்.
"அப்ப ரெக் போயிட்டு" என்றார் உடனே,
ஆளைப் பிடித்துவிட்டுக் குற்றம் தேடுகிறவர் போல.
பஞ்சிகாவத்தையில் இன்னொருவர்
பத்திரிகைத் தாளைப் பிரித்து
யப்பான் பம்ப் ஒன்றைக் காட்டினார்.
ஒன்றரை லட்சம், திருப்பி எடுக்கமாட்டார்.
தூக்கிப் பார்த்தேன்.
ஒரு கைக்குழந்தையின் எடை.
வைத்துவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் மழை. திம்பிரிகஸ்யாய சந்தி.
லைட் போட்டு, வைப்பர் போட்டு
இடப்பக்கம் திருப்பினால்
பாரம் தோள்மூட்டு வரை ஏறியது.
தற்செயலாய் வைப்பரை நிறுத்தினேன்.
கொஞ்சம் இளகியது.
பின்னாலிருந்த முச்சக்கர வண்டி
ஹோர்னை விடாமல் அடிக்க,
கண்ணாடி முழுக்கத் தண்ணீரோடு,
போட்டும் நிறுத்தியும் போட்டும்
ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கும்
சட்டத்தரணி மாதிரி இருந்தேன் அங்கே.

கொம்பனித்தெருவில் துவான் சப்ரானிடம் இதைச் சொன்னபோது
அவர் ஸ்பனரை எடுக்கவில்லை.
மீற்றரை எடுத்தார்.
எஞ்சின் ஓட, பெட்டரியில் பதின்மூன்றரை.
"இப்ப திருப்புங்க. புடிச்சிக்கிட்டே இருங்க."
பம்பின் வாயில் ஒன்பது.
"சோறு வழியில களவு போவுது, மிஸ்."
பியூஸ் இல்லை, ரிலேயும் இல்லை.
போகிற வழியில் எல்லாம் சரியாக இருந்தது.
திரும்பி வருகிற வழியில்
நாலரை வோல்ட்டைக் காணவில்லை.

உபரிச் சில்லைத் தூக்கி, பாயை விலக்கி,
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார்.
உடம்போடு முறுக்கிய ஒரு போல்ட்,
அதில் இரண்டு கறுப்பு வயர்,
பம்பினது ஒன்று, லைட் வைப்பரினது ஒன்று.
சுற்றிலும் பச்சையாய், வெள்ளையாய்,
உப்புப் பூத்திருந்தது.
அந்த ஆறு வருடமும்
தறப்பாளுக்கு அடியால் கடல் வந்து போயிருக்கிறது.

உப்புத்தாள், புது போல்ட், கொஞ்சம் கிறீஸ்.
எவ்வளவு?
"போல்ட் நாப்பது ரூவா.
தேடினதுக்கு மூவாயிரம்.
மழைக்கத நீங்களே கொண்டு வந்தீங்க,
ரெண்டாயிரம் தாங்க."

பேரை வாவிப் பக்கம் திரும்பினேன்.
திரும்பினேன் என்பது சரியில்லை:
பழைய பலத்தோடு இழுத்துவிட்டேன்.
மூக்கு நடைபாதையை நோக்கிப் பாய,
கடலைக்காரர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
மூன்று மொழியிலும் சொன்னார்.
மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

மறுநாள் புதுக்கடையில் ஒரே வெட்டில் நிறுத்தினேன்.
எழும்பிய பொலிஸ்காரர்
பாதி வழியில் நின்று
தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.
வலது தோள் மட்டும் இன்னும் நம்பவில்லை.
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில்
பேனா மூடியைத் திறக்கவும்
முழுப் பலத்தோடு வருகிறது.