நூற்று அறுபது வோல்ட்

தைரியநாதன் இறந்த அன்று
நீடாமங்கலத்தில் கரண்ட் நன்றாக இருந்தது.
இருநூற்று முப்பத்திரண்டு.
மீட்டரைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் மைக்செட்காரன். குஞ்சிதபாதம், ஜோதி சவுண்ட் சர்வீஸ்.
அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு முள் ஏறியதும் இறங்கியதும்.

எழுபத்து நாலில் கடைக்கு வந்தான்.
ரயில்வேயில் தந்திக் கம்பி பார்க்கும் வேலை,
தோளில் அவனே செய்த கிட்டார்:
உடம்பு பூவரசு,
விரல் பதியும் மேடுகள் சைக்கிள் ஸ்போக்ஸ்,
கம்பிகளுக்கு அடியில் பழைய டெலிபோனின் காந்தம்.
திருடியதா என்று கேட்டேன்.
ரிட்டயர் ஆன காந்தம் என்றான்.

கொரடாச்சேரிக் கல்யாணம். மேட்டூர் திறக்காத வருஷம்.
இரவு எட்டுக்கு மும்முனை வந்ததும்
சுற்றுவட்டார மோட்டார் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்ப
டியூப்லைட் கண் சொருகியது,
பாடகர் குரல் கிணற்றுக்குள் போனது,
முள் நூற்று அறுபதில் நின்றது.
அப்போது அவன் இழுத்த ஒரே ஸ்வரம்
பங்குனி வண்டல்போல் வெடித்து, பாளம் பாளமாய்ப் பிளந்து,
பிளந்த இடமெல்லாம் முனகியது.
என் வால்வு செத்தது என்று சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.
காலால் என் கையை மிதித்துக்கொண்டு
மீதிப் பாட்டை வாசித்தான்.

பெண்ணின் அப்பா பாதிப் பணம்தான் கொடுத்தார்.
பம்ப்செட்டை மேடையில் ஓட்டினால்
அவ்வளவுதான் கொடுக்க முடியுமாம்.

அதற்குப் பிறகு எந்த ஊர்க் கச்சேரி என்றாலும்
சம்பளம் கேட்கமாட்டான், சாப்பாடு கேட்கமாட்டான்.
அங்கே எத்தனை வோல்ட், குஞ்சு?

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில்
காதைக் கொடுத்துத் தடித்த கம்பியை முறுக்குவான்.
அதுதான் எங்கள் சுருதி.
இந்தக் கட்டையும் இல்லை, அந்தக் கட்டையும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் எனக்கு விரல் இல்லை என்று
ஆர்மோனியம் மரியசூசை விலகிக்கொண்டார்.

ஒருமுறை மெட்ராஸில் ரெக்கார்டு போடக் கூப்பிட்டார்கள்.
குளிர்ந்த அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெபிலைசர்.
நாலு மணி நேரம் வாசித்தானாம்,
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர்போல வந்ததாம்.
இரவு பாசஞ்சரில் திரும்பிவிட்டான்.
அங்கே கரண்ட் குனியவே மாட்டேங்குது என்றான்.

ஆகவே மிஞ்சியது ஒரே கேசட்.
திருத்துறைப்பூண்டி, எண்பத்து மூன்று, நாற்பது நிமிடம்.
பதினேழாம் நிமிடத்தில் இருமுவது நான்.
அந்த இருமலையும் சேர்த்து வாசித்துக் காட்டுகிற பிள்ளைகள்
இப்போது எங்கெங்கோ இருக்கிறார்களாம்.

லூர்தம்மாளிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள்.
வீட்டில் அரிசி எத்தனை படி என்று
அந்த மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை.
அதுவும் உண்மைதான். எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கத்துக்குக் கூத்தாநல்லூரிலிருந்து நஸ்ரின் வந்தாள்.
காலால் மிதிக்கும் சின்ன இரும்புப் பெட்டி, அவள் செய்தது,
மேலே பெயிண்டில் 160.
மிதித்தால் எந்த ஊர்க் கரண்டும் வெடிக்கும்.
ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்றாள்.
நான் பரணிலிருந்து வால்வை இறக்கினேன்,
அவள் அவனுடைய பூவரசை மடியில் வைத்தாள்.
பெட்டியைப் பார்த்தாள், என் மீட்டரைப் பார்த்தாள்.
பெட்டியை ஓரமாய்த் தள்ளிவிட்டாள்.

ஐப்பசி. கோரையாறு கரை தொட்டு ஓடுகிறது,
வயலெல்லாம் கணுக்கால் தண்ணீர்.
யார் போன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.
முதலில் ரயில் பாதைக்குத் தெற்கே ஒரு மோட்டார் கிளம்பியது.
பிறகு செங்கல் சூளைப் பக்கம் இரண்டு.
பிறகு எண்ண முடியவில்லை,
நிறைந்த வயலுக்கு நிறைந்த கிணறுகள்
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.
இருநூறு.
நூற்று எண்பது.
கல்லறைத் தோட்டத்து டியூப்லைட் கண் சொருகியது.
பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம், என்றேன் நஸ்ரினிடம்.
இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.