முன்வரிசை

ஷார்ஜா, சூக் அல் ஹராஜ்.
மதியம் ஒன்றரைக்கு பானெட்டைத் தொட்டால்
விரலில் ரேகை மிஞ்சாது.
இருபத்திமூன்று சாவிகள் என் இடுப்பில்.
எந்த வண்டியை முன்வரிசையில் நிறுத்துவது,
பதினோரு வருடமாக இதுதான் உத்தியோகம்.

வந்த புதிதில்
சின்ன வண்டிகளுக்கு ஜெனரேட்டர் பக்கம்
சுவரோரத்தில் இடம்.
கேட்டால் மட்டும் காட்டு என்பார் ஜரீன் கான்,
ஏதோ சொந்தக்காரன் வாங்கிய கடன் போல.
வாசலில் எட்டு சிலிண்டர்கள்
பல்லெல்லாம் தெரிய நிற்கும்.
சம்பளம் கூடியவன் நேரே இங்கேதான் வருவான்.
சின்னதைத் தள்ளிவிட்டு நடுத்தரம்,
நடுத்தரத்தைத் தள்ளிவிட்டு நெட்டை.
ஒரே ஆளை மூன்று உயரத்தில் பார்த்திருக்கிறேன்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது.
பெரிய வண்டிகள் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பின,
பின்சீட்டில் பிஸ்கட் தூளோடு,
கண்ணாடியில் பிய்த்தும் வராத
பாதிப் பள்ளிக்கூட ஸ்டிக்கரோடு.
"டிக்கெட் வெள்ளிக்கிழமை, எவ்வளவு தருவீங்க?"
பிறகு எண்ணெய் விலை ஏறியது.
மாசக் கடைசி ராத்திரி பம்பில் வரிசை,
விடிந்தால் என் போனில் ஒரே கேள்வி:
"அண்ணே, லிட்டருக்கு எத்தனை ஓடும்?"
விழுந்தாலும் சின்னது, ஏறினாலும் சின்னது.
சுவரோரத்துக் குட்டிகளை
ஒவ்வொன்றாக வெயிலுக்கு உருட்டி வந்தேன்.

நடுவில் மாட்டிக்கொண்டது நடுத்தரம்.
மூத்ததற்குப் புதுச்சட்டை, கடைசிக்குக் கொஞ்சல்,
நடுப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது?
மூன்று பெட்டி கொள்ளும் டிக்கி,
ஏர்போர்ட்டுக்கு இரண்டு நடை வேண்டாத வண்டி.
இப்போது எல்லாருக்கும் உயரம் வேண்டும்.
சின்ன வண்டிக்கே குதிகால் செருப்பு மாட்டினாற்போல
ஒரு சாதி வந்திருக்கிறது.
ஏறி உட்கார்ந்து
"ரோடு நல்லாத் தெரியுது" என்கிறார்கள்.
காலை ஏழு மணிக்கு இத்திஹாத் ரோட்டில்
தெரிவதென்னவோ
முன்னால் நிற்கும் வண்டியின் பிட்டம்.

போன வியாழன் ஜெசிந்தா வந்தாள்.
தூத்துக்குடி. அஜ்மானில் ஒரு கிளினிக்கின் லேப்.
ஏழாவது டெஸ்டில் லைசென்ஸ்.
வெள்ளைக் குட்டியைக் காட்டினேன்,
அவளுக்கென்றே அளவெடுத்தது என்று நினைத்து.
கிலோமீட்டர் கேட்கவில்லை.
முல்கியா எப்போது முடிகிறது என்று கேட்கவில்லை.
"நிக்கிற வண்டில ஏசி தாங்குமா?"
சீட்டைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் சாய்த்தாள்.
பின்கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே போய்ப் படுத்தாள்.
முட்டி கதவில் இடித்தது.

ஒன்பதிலிருந்து ஒன்று, ஐந்திலிருந்து ஒன்பது.
நடுவில் நாலு மணி நேரம்.
ரூமுக்குப் போக பஸ்ஸில் ஒரு மணி, வர ஒரு மணி.
ரூமில் ஆறு பேர், இரண்டு பேருக்கு நைட் டூட்டி,
லைட் போட முடியாது, போனில் பேச முடியாது.
எனக்குச் சொன்னதில்லை இதெல்லாம்,
படுத்தபடி கூரைக்குச் சொன்னாள்.

எட்டு மாசமாய்ப் புழுதி தின்ற
சாம்பல்நிற நடுத்தரத்தைத் திறந்துவிட்டேன்.
படுத்தாள்.
காலை மடக்கினால் போதும் இதில்.
சின்னதில் தன்னையே மடக்க வேண்டும்.
கண்ணை மூடினாள். நான் கதவைச் சாத்தினேன்.
ஒன்பது நிமிஷம் வெயிலில் நின்றேன்,
யாராவது வந்தால் விரட்ட.

"பெட்ரோல் கூடக் குடிக்கும்மா," என்றேன்.
விற்பவன் சொல்லக்கூடாத சொல்.
"ஓட்டறதுக்கு இல்லண்ணே.
கிளினிக் பின்னால கட்டட நெழல் இருக்கு."

இரவு கணக்கு பார்த்த ஜரீன் கான்
சாம்பல் வண்டியின் வரியில் விரலை நிறுத்தினார்.
அது போய்விட்டதா? நடுத்தரத்துக்கு
மறுபடி மவுசு வந்துவிட்டதா?
நோட்டில் வருஷம், நிறம், ஓடிய தூரம், விலை
என்று நாலு கட்டம்.
வந்துவிட்டது என்றேன்.
நாளை ஏலத்தில் இன்னும் இரண்டு எடுக்கிறாராம்.