விழுங்கிய பிறகு

மாதத்தில் இரண்டாம் வெள்ளி, இரவு ஏழு மணி.
காரைக்காலில் அரசலாற்றுப் பாலம் இறங்கியதும் வருகிற சந்தில்
செவத்தியான் தன் பாரின் பின்னறையில்
டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் குண்டு பல்பைப் போடுவான்.
வெள்ளைத்தாள் விரித்த மேசை.
தலைக்கு எழுநூறு ரூபாய்.
ஒரு தட்டு வறுத்த நெத்திலி, உப்பில்லாத ரொட்டி,
ருசி பார்த்துத் துப்ப ஓர் எவர்சில்வர் சொம்பு.
சொம்பு காய்ந்தே கிடக்கும்.
கொடுத்த காசை யார் துப்புவார்கள்?

பல் டாக்டர் தில்லைநாயகிக்கு எல்லாம் பீச் பழம்.
டப்பாவில் தவிர அதைப் பார்த்ததில்லை என்று அவரே சொல்வார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அற்புதராஜுக்கு
எல்லாம் "நல்லாருக்கு".
அத்தர்கடை கமருதீன் பாய் குடிப்பதில்லை.
மோந்து பார்க்க மட்டும் எழுநூறு.
"மூக்குக்கு யாரும் தடை போடலியே" என்பார்.
கண்ணை மூடி,
"மழைக்கு முந்தின வைக்கோல்... காஞ்ச நார்த்தங்கா...
பின்னாடி எங்கயோ ஒரு குதிரை நிக்கிது."
செவத்தியான் கம்பெனித்தாளைப் புரட்டுவான்.
அதில் குதிரை நிற்கும்.

நான் பேரளத்தில் உரக்கடை வைத்திருப்பவன்.
யூரியா, டிஏபி, பொட்டாஷ்,
புகையானுக்கு ஒன்று, குருத்துப்பூச்சிக்கு ஒன்று.

புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டுவான் செவத்தியான்.
முதல் தண்ணி திறந்துவிட்ட வாய்க்கால்போல ஒரு கலங்கல்.
"எதையும் சேர்க்கல. எதையும் எடுக்கல.
திராட்சை, அதோட தோல்ல இருந்த ஈஸ்ட், காத்திருப்பு.
மருந்தே கிடையாது."
எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.
நான் நெத்திலியைப் பார்ப்பேன்.

போன கார்த்திகையில், நாலாவது புட்டி.
தோலோடு ஊறிய வெள்ளைத் திராட்சை;
வெளுத்த காவிவேட்டியின் நிறம்.
பாய் மோந்தார்.
"சுத்தம். ரோஜாகூட இருக்கு."
டாக்டர் பீச் என்றார்.
நான் விழுங்கினேன்.
நன்றாகத்தான் இருந்தது,
ஆறு, ஏழு, எட்டு எண்ணும்வரை.
பிறகு நாக்கின் அடியிலிருந்து அது எழுந்து வந்தது.
என் கிடங்கின் தென்மூலை.
அடுக்கைப் பெயர்த்தால் அடிமூட்டையில்
குஞ்சு போட்டுவிட்டுப் போன சாக்கு.

"எலி" என்றேன்.

"ஒங்களுக்கு வேற என்ன தோணும்" என்று டாக்டர் சிரித்தார்.
செவத்தியான் சிரிக்கவில்லை.
ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்.
பத்து நொடி. முகம் கோணியது.
"பிரான்சுலயும் இதுக்கு எலின்னுதான் பேரு" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, யாரிடமோ சொல்வதுபோல,
"ஒரு சிட்டிகை கந்தகம் போட்டிருந்தா வந்திருக்காது."

மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
கந்தகம் என் கடையில் கிலோக் கணக்கில் இருக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாய் மட்டும் கிளாசை விடவில்லை.
சுழற்றினார், மோந்தார், மறுபடி சுழற்றினார்.
"எனக்கு வரலியே."
"வராது பாய். இது மூக்குக்குத் தெரியாது.
எச்சில்ல கலந்து உள்ள போனாத்தான்."
முப்பது வருட மூக்கு.
அவர் கிளாசையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அற்புதராஜ்கூட நெத்திலியை மெல்வதை நிறுத்திவிட்டான்.
பாய் அதை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்
தண்ணீர் கேட்டார்.

அன்றைக்குத்தான் சொம்பு நனைந்தது.
மிச்சப் புட்டி முழுக்க அதில் ஊற்றினான்.
எழுநூறில் நூறு திரும்பி வந்தது.

கடைசி பஸ். அம்பகரத்தூர் தாண்டிப் போலீஸ்காரர் ஏறினார்.
"பையில எதுவும் இருக்கா?"
இல்லை என்றேன்.
பையில் இல்லைதான்.

காலையில் கடை திறந்ததும் முதல் ஆள்
சம்பா கதிர் வாங்குகிற நேரத்தில் தூக்கம் போனவர்.
பத்து பாக்கெட் எலிமருந்து கேட்டார்.
எண்ணிக் கட்டிக் கொடுத்தேன்.
"மோப்பம் புடிச்சுட்டு ஒதுங்கிப் போயிடுதே சார்."
"வாசனையில ஒண்ணும் ஆகாது" என்றேன்,
பல் தேய்த்தும் போகாத வாயோடு.
"விழுங்கணும்."