நாலில் ஒன்று

மா ஆலையின் பெல்ட்டு
வலக்கையில் நாலு விரலை ஒரே இழுவையில் எடுத்தது.
பெருவிரலை மட்டும் ஏன் விட்டதென்று தெரியாது.
கைநாட்டு வைக்கவாக இருக்கும்.

வைத்தேன்,
உட்துறைமுக வீதியில், மாடியில்,
லோயர் பௌமியாவின் மேசையில்:
“வென்றால் நாலில் ஒன்று எனக்கு.
தோற்றால் தேத்தண்ணிக் காசும் வேண்டாம்.”

அதற்கு முந்தி மூன்று பேர்.
ஒருவர் முற்பணம் கேட்டார்.
ஒருவர், கம்பனிக்கும் தானே லோயர் என்றார், மரியாதையாக.
மற்றவர் என் கையைப் பார்த்தார்,
பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஆறு வருசம் இழுக்கும் என்றார்கள்.
பதினொரு மாதம்தான்.
மெசின் பராமரிப்புக் கொப்பியில்
ஒரு பக்கம் கிழிந்திருந்ததைக் கண்டு
ஒரேயொரு கடிதம் எழுதினார்.
கம்பனி இறங்கி வந்தது. எட்டு லட்சம்.

மச்சான் கிருபைராசா கல்குலேட்டரோடு வந்தான்.
“ஒரு கடிதத்துக்கு ரெண்டு லட்சமா?”
சொற்களை எண்ணினான். முந்நூற்றுப் பன்னிரண்டு.
சொல்லுக்கு அறுநூற்று நாற்பத்தொரு ரூபாய்.
“‘ஐயா’ என்று தொடங்கினதற்கும் அறுநூற்று நாற்பத்தொன்று!”

சிரித்தோம்.
இரவு நித்திரை வரவில்லை.
சட்டத்தின் அட்டவணையில்
சுட்டுவிரலுக்கு ஒரு வீதம், சின்னிவிரலுக்கு ஒரு வீதம்.
நாலு விரல், நாலில் ஒன்று.
அப்ப எந்த விரல் அவருடையது?

“மோதிர விரல்” என்றாள் தவமலர், இருட்டுக்குள்.
“மோதிரம் எப்பவோ அடைவில்தானே.”

அவருடைய அலுமாரியில், மேல் தட்டில்,
நாடா கட்டிய கட்டுகள் சில உண்டு.
ஒருநாள் கேட்டேன்.
“தோற்றதுகள்” என்றார்.
மூதூர் ஆள் ஒருவரின் முதுகு.
சீனக்குடாப் பெடியன் ஒருவனின் கண்.
அவர்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை.
அந்த முதுகுக்கும் கண்ணுக்கும்
என் விரலிலிருந்து ஏன் எடுக்கவேண்டும்?
எடுக்காவிட்டால்
நான் போன அன்று அந்தக் கதவு திறந்திருக்குமா?

ஆணையாளர் கேட்டார்:
“இந்தக் கூலி நியாயமா? கூடவென்றால் குறைக்கலாம்.”
லோயர் என்னைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தார்.
கீழே புள்ளிமான் ஒன்று
மதிலில் உரிந்த போஸ்டரை மென்றுகொண்டு நின்றது.

நியாயம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
“கொஞ்சம் கூடத்தான்” என்று வந்தது.

ஐந்தில் ஒன்று என்று எழுதினார்.
“சரி” என்றார் பௌமியா.
படியிறங்கும்போது
என் பைலையும் அவரே தூக்கி வந்தார்.

மிச்சம் பிடித்தது நாற்பதாயிரம்.
தவமலர்தான் எண்ணினாள்.
எனக்கு இடக்கை இன்னும் பழகவில்லை.
வலக்கையில் பெருவிரல் இருக்கிறது, ஆனால்
தாளை உரசி எண்ண
எதிரில் ஒரு விரல் வேண்டும்.